மாமா விற்ற நாலாயிரம் பங்குகள்

6 பிப்ரவரி 2017

மாமாவுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்கச் சொன்னாள் உங்கள் மகள். விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நாம் இருவரும் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டினார். நீங்களும் அத்தையும் கிளம்பிப் போன பிறகு உங்கள் மகள் எனக்கு விதித்த சட்டத்தையே உங்களுக்கும் போனில் விதித்திருப்பாள். "இனிமே ரெண்டு பேரும் நேர்லயும் பேசக் கூடாது, போன்லயும் பேசக் கூடாது. எழுதுங்க. எழுதுறப்பவாவது புத்தி வேலை செய்யுதான்னு பாப்போம்" என்றாள். அதனால் எழுதுகிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்துடன் வங்கியின் கடன் படிவம் வைத்திருக்கிறேன். நாங்கள் குடியிருக்கும் ஃபிளாட் உங்கள் பெயரிலும் அவள் பெயரிலும் இருப்பதால், அதை அடமானம் வைக்க இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பென்சிலால் குறி போட்டிருக்கும் மூன்று இடங்கள் உங்களுடையவை. "அப்பா போட்டா நானும் போடறேன்" என்கிறாள் அவள்.

கடன் எதற்கென்று ஞாயிறன்றே சொல்ல வாயெடுத்தேன், நீங்கள் விடவில்லை. முப்பத்தொரு வருடம் நீங்கள் அசெம்ப்ளி ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்த அதே கம்பெனியின் பங்கைத்தான் வாங்கப் போகிறேன். கல் உடைக்கும் கிரஷர் செய்யும் கம்பெனி என்றால் உங்களுக்கு எத்தனை பெருமையோ, பங்குச் சந்தையில் வேலை பார்க்கும் எனக்கு அதன் மேல் இப்போது அத்தனை நம்பிக்கை.

நான் பி.இ. என்று சொன்னதும் நீங்கள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தீர்கள். அது ஒன்றும் மந்திரமில்லை. ஒரு பங்கின் விலை, அந்த ஒரு பங்குக்குக் கம்பெனி வருடத்தில் சம்பாதிக்கும் லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் பி.இ. இன்று விலை 420. போன வருட லாபம் பங்குக்கு 60. வகுத்தால் ஏழு. பதினாறு வருட பி.இ.யை மாதவாரியாகக் குறித்து ஒரு வரைபடம் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்புக் கோடு சராசரி, அது பதினைந்தில் நிற்கிறது. பதினாறு வருடத்தில் இந்தப் பங்கு ஏழுக்கு வந்ததே கிடையாது. பழைய சராசரிக்குத் திரும்பினாலே போட்ட பணம் இரட்டிப்பாகும்.

ஆறு வருடத்துக்கு முன் நடந்ததை எடுப்பீர்கள் என்று தெரியும். எடுக்காமல் இருக்க முடிந்தால் நல்லது.

மருமகன்


14 பிப்ரவரி 2017

மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது, வரைபடமும் வந்தது. வரைபடம் நன்றாக இருக்கிறது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். கையெழுத்து மட்டும் கிடையாது.

எடுக்காமல் இருக்க முடிந்தால் நல்லதா? முடியாது. ஆறு வருடத்துக்கு முன் இதே கூடத்தில், என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போது, இதே மாதிரி ஒரு தாளை விரித்தீர்கள். அன்றைக்கு விலை 90, லாபம் ஒன்றரை, பி.இ. அறுபது. "சராசரியே பதினஞ்சு மாமா, அறுபதுன்னா ஊதிப் பெருத்துக் கிடக்கு, எப்ப வேணா வெடிக்கும், வித்துத் தள்ளுங்க" என்றீர்கள். படித்தவர், இதே தொழிலில் இருக்கிறவர், என் பெண்ணைக் கட்டியவர் என்று நம்பினேன். கம்பெனி எனக்குக் கொடுத்த நாலாயிரம் பங்கையும் 90-க்கு விற்றேன். இன்றைக்கு விலை என்னவென்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அத்தையின் முழங்கால் ஆபரேஷனுக்கு என்று நான் ஒதுக்கி வைத்திருந்தது அந்தப் பங்குகளைத்தான். அவள் இந்த மூன்று மாடியையும் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறாள். கையில் காய்கறிப் பை வேறு.

அன்று எனக்குச் சொல்லத் தெரியாததை இன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் எண்ணில் மேலே ஒன்று, கீழே ஒன்று இருக்கிறது. மேலே விலை, கீழே லாபம். அறுபது ஆனது விலை ஏறியதால் அல்ல. விலை பாதியாகத்தான் இறங்கியிருந்தது, லாபம் எட்டில் ஒன்றாகக் கரைந்துபோயிருந்தது. அதனால் வகுத்தால் பெரிய எண் வந்தது. அந்த வருடம் ஷாப்பில் செய்வதற்கு இரண்டே இரண்டு இயந்திரம்தான் இருந்தது. ஆட்கள் கூட்டிய தரையையே மறுபடி கூட்டினார்கள். ஸ்பேனர்களுக்கு எண்ணெய் போட்டு, துடைத்து, மறுநாளும் எண்ணெய் போட்டோம். படுத்த படுக்கையாகக் கிடந்த கம்பெனியைப் பார்த்து நீங்கள் ஊதிப் பெருத்தது என்றீர்கள்.

இப்போது தினமும் காலையும் மாலையும் கேட்டுக்கு எதிரே உள்ள கடையில் டீ குடிக்கிறேன். மூன்று ஷிஃப்ட் ஓடுகிறது. பதினான்கு லாரி வரிசையில் நிற்கிறது. ரோடு போடுகிறவன் எல்லாம் கிரஷர் வாங்கிவிட்டான். ஒரு கிரஷர் பதினைந்து வருடம் உழைக்கும், நாங்கள் அப்படித்தான் செய்தோம். வாங்கியவன் அடுத்த வருடம் இன்னொன்று எதற்கு வாங்குவான்? இந்த 60 நிற்கிற லாபம் இல்லை. சந்தைக்கும் அது தெரியும், அதனால்தான் ஏழு மடங்குக்கு மேல் கொடுக்க மாட்டேன் என்கிறது. இந்த மாதிரிக் கம்பெனியில் உங்கள் எண் தலைகீழாகப் பேசும். பெரிதாக இருக்கும்போது வாங்க வேண்டும், சின்னதாக இருக்கும்போது விற்க வேண்டும்.

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். பென்சில் குறிகளை அழித்துவிட்டேன்.

பெண்ணைக் கொடுத்தவன்


21 பிப்ரவரி 2017

மாமாவுக்கு,

படிவம் கிடைத்தது. அழித்த அழுத்தத்தில் ஓரிடத்தில் தாள் கிழிந்திருக்கிறது. அவ்வளவு ஆத்திரம்.

டீக்கடையில் உட்கார்ந்து லாரி எண்ணுவது ஆராய்ச்சி ஆகாது. அரசாங்கம் அடுத்த ஐந்து வருடத்துக்குப் போடப்போகும் ரோடுகளின் பட்டியல் என் மேசையில் இருக்கிறது. உங்கள் காலம் வேறு, இது வேறு.

அது கிடக்கட்டும். இந்த ஆறு வருடமும் நீங்கள் எனக்கு என்ன செய்தீர்கள் என்று ஒரு முறையாவது சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு நான் வந்து சாப்பிடாமல் போன நாள் உண்டா? ஒவ்வொரு முறையும் பரிமாறி முடித்த பிறகு, எல்லோரும் இருக்கும்போது, "மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒரு சிரிப்புச் சிரிப்பீர்கள். மழை வருமா என்று யாராவது கேட்டாலும் அதே வார்த்தை, காரை எங்கே நிறுத்தலாம் என்றாலும் அதே வார்த்தை. உங்கள் சம்பந்தியான என் அப்பாவின் முன்னால் சொன்னீர்கள். என் மகன் ஒருநாள் என்னிடமே, "தாத்தா சொல்ற மாதிரி நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்ப்பா" என்றான். அவனுக்கு அதன் அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும்.

அத்தை படி ஏறும்போதெல்லாம் நீங்கள் அவர்களைப் பார்ப்பதில்லை, என்னைப் பார்ப்பீர்கள். ஆபரேஷன் செலவை நாங்கள் கட்டுகிறோம் என்று மூன்று முறை கேட்டோம். "ஒரு தடவை உங்க கையில குடுத்ததே போதும் மாப்பிள்ளை" என்றீர்கள். அன்று மாடிப்படி இறங்கும்போது எனக்கு அழுகை வந்தது. உங்கள் மகளுக்குக்கூட அது தெரியாது.

கடன் எனக்காக என்று நினைத்தீர்களா? பதினாறு லட்சத்து எண்பதாயிரம் ஏன் கேட்டேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? நாலாயிரத்தை 420-ஆல் பெருக்குங்கள். நான் விற்க வைத்த அதே நாலாயிரம் பங்கையும் வாங்கி உங்கள் பெயருக்கு மாற்றி, உங்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை, உங்கள் வீட்டில் தலை நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். என் ஆசை இவ்வளவுதான்.

நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் வேலையை விடுகிறேன். பதினெட்டு வருட சேமநிதிப் பணம் ஏறக்குறைய அந்தத் தொகைதான் வரும்.

மருமகன்


25 பிப்ரவரி 2017

மாப்பிள்ளை,

வேலையை விட வேண்டாம். உங்களிடம் பங்கை யார் திருப்பிக் கேட்டது? நான் கேட்டேனா?

போனது போகட்டும். அதை மறந்துவிடுங்கள். நானும் மறந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு எண்தான் புரியும் என்பதால் எண்ணாகவே சொல்கிறேன். ஒரு வருட லாபத்தை எடுத்து வகுக்காதீர்கள். பத்து வருடத்தை எடுங்கள், நல்ல வருடம் கெட்ட வருடம் எல்லாம் சேர்த்து. 12, 14, 9, 3, ஒன்றரை, 6, 15, 28, 45, 60. ஆண்டறிக்கைகள் என் அலமாரியில் இருக்கின்றன, ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன். கூட்டிப் பத்தால் வகுத்தால் பத்தொன்பது சொச்சம் வரும். இன்றைய விலையை அதால் வகுங்கள். இருபத்திரண்டு. உங்கள் சிவப்புக் கோடு பதினைந்து. இது மலிவா, நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் அத்தை நேற்றிலிருந்து என்னையே பார்க்கிறாள். "என்ன எழுதுறீங்க, அடிச்சு அடிச்சு எழுதுறீங்க" என்கிறாள். ஒன்றுமில்லை என்றேன்.

வேலையை விட்டால் பெண்ணும் பேரனும் என்ன செய்வார்கள் என்று யோசித்தீர்களா? யோசிக்காமல் எதையும் செய்யாதீர்கள். அந்தப் பங்கு எனக்கு வேண்டாம். நீங்கள் வாங்கிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

மாமா


4 மார்ச் 2017

மாமாவுக்கு,

ராஜினாமா கொடுத்துவிட்டேன். இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி கடைசி நாள். சேமநிதியை எங்கள் ஆபீஸே நடத்துவதால் பணம் ஏப்ரல் மூன்றாம் தேதியே கைக்கு வரும், அன்று காலையே வாங்கிவிடுவேன்.

பத்து வருட சராசரி எல்லாம் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். வளராத கம்பெனிக்கு அது பொருந்தும். உங்கள் அலமாரியில் எனக்குத் தெரியாத ஆண்டறிக்கை எதுவும் இல்லை. அதுசரி, ஆறு வருடத்துக்கு முன் பங்கை விற்றுவிட்டவருக்குக் கம்பெனி இன்னும் ஆண்டறிக்கை அனுப்புகிறதா? கேட்டு வாங்குகிறீர்களாக்கும். விட்ட பொருள் மேல் அவ்வளவு ஆசை.

உங்கள் மகள் நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. தெரியாமல் செய்யவில்லை, தெரிந்தே செய்கிறேன். நான் உங்கள் வீட்டுக்குப் பட்ட கடன் தீர வேண்டும்.

இனி கையெழுத்துக்காக உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

மருமகன்


9 மார்ச் 2017

மாப்பிள்ளை,

இதை நீங்கள் மட்டும் படிக்க வேண்டும். படித்ததும் கிழித்து எரித்துவிடுங்கள். என் பெண்ணுக்குத் தெரியக் கூடாது, அவள் அம்மாவுக்குத் தெரியவே கூடாது. அதனால்தான் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்குக் கூரியரில் அனுப்புகிறேன்.

நான் விற்கவில்லை.

நாலாயிரம் பங்கும் என் பெயரில்தான் இருக்கின்றன. ஒன்றுகூட விற்கவில்லை. ஆண்டறிக்கை வருவது அதனால்தான்.

நீங்கள் விற்கச் சொன்ன மறுநாள் தரகர் ஆபீஸுக்குப் போனேன். உங்கள் ஆபீஸில் விற்றால் தரகு உங்களுக்குப் போகும் என்று வேறு ஆபீஸ். படிவம் கூட எழுதிவிட்டேன். எனக்கு முன்னால் நான்கு பேர் நின்றார்கள். நிற்க நிற்க எனக்கு மனசு கேட்கவில்லை. நானே ஆட்களை வைத்துப் பூட்டிய இயந்திரங்கள், எத்தனையோ ஊர்களில் இன்னும் ஓடுகின்றன. அதைப் போய் வெடிக்கப் போகிறது என்கிறானே ஒருவன் என்று படிவத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது நீங்கள், "வித்தாச்சா மாமா?" என்றீர்கள். என்னவோ, ஆச்சு என்று சொல்லிவிட்டேன். இல்லை என்றால் நீங்கள் மறுபடி தாளை விரிப்பீர்கள். அதற்காகத்தான் சொன்னேன். அடுத்த வாரம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அடுத்த வாரம் விலை ஏறியது. அதற்கடுத்த மாதமும் ஏறியது. நீங்கள் வீட்டுக்கு வந்தபோது முதல் தடவையாக என் முகத்தைப் பார்க்காமல் பேசினீர்கள். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது பிடித்திருந்தது. என் சக ஊழியர்கள் முன்னால் என் கம்பெனியை ஊதிப் பெருத்தது என்று சொன்னவர், தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுகிறார். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று நினைத்தேன். அப்படியே ஆறு வருடம் ஆகிவிட்டது.

இந்தப் பங்கை இன்று விற்க வேண்டும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாரும் இருக்க முடியாது. லாபம் உச்சியில், எண் ஏழில். ஆனால் எப்படி விற்பது? பணம் வங்கிக் கணக்குக்கு வந்தால் உங்கள் அத்தை போனுக்கும் செய்தி போகும். வருடா வருடம் வரும் டிவிடெண்டை ஓய்வூதிய பாக்கி என்று சொல்லிச் சமாளித்தேன். பதினாறு லட்சத்தை எந்த பாக்கி என்று சொல்வது? ஆபரேஷனுக்குப் பணம் இல்லை என்று ஆறு வருடமாகச் சொல்லிவிட்டு, இப்போது எங்கிருந்து வந்தது என்பேன்?

நீங்கள் எனக்கு எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. உங்களால் எனக்கு ஒரு காசு நஷ்டமில்லை. ராஜினாமாவைத் திரும்ப வாங்குங்கள். ஏப்ரல் மூன்றாம் தேதி வாங்காதீர்கள். என் மேல் கோபம் இருந்தால் இரண்டு வார்த்தை திட்டி எழுதுங்கள், ஆனால் வாங்காதீர்கள்.

எரித்துவிடுங்கள்.

மாமா


17 மார்ச் 2017

எரிக்கவில்லை.

ஆபீஸில் வைத்து உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். இரண்டாவது முறை படித்ததும் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்கு வந்து மேசையில் உங்கள் மகள் முன்னால் வைத்தேன். அவள் படித்து முடித்து, எழுந்து போய், அத்தைக்குப் போன் போட்டு, ஒரு வரி விடாமல் வாசித்தாள். உங்கள் அடித்தல் திருத்தலையும் சேர்த்து வாசித்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அத்தை முழுவதையும் கேட்டார்கள். பிறகு, "அப்ப அந்த ஆறு வருஷமும் பணம் இருந்துச்சா?" என்று கேட்டார்கள். "இருந்துச்சும்மா" என்றாள். "சரி" என்று வைத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் நீங்கள் டீக்கடையில் லாரி எண்ணிக்கொண்டு இருந்திருப்பீர்கள்.

மறுநாள் சாயங்காலம் இரண்டு பையோடு பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினார்கள். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க முடிந்தது. இனி இங்கேதான் இருப்பார்கள். அவர்கள் அங்கிருந்து கிளம்பியபோது நீங்கள் வாசலில் நின்று தடுத்தீர்களாம், "எல்லாம் நம்ம பணந்தான, எங்க போயிடுச்சு" என்றீர்களாம். அதைச் சொன்னபோதுதான் அத்தை அழுதார்கள். அதுவரை அழவில்லை.

நான் என்னை எப்படித் தேற்றிக்கொள்வது என்று தெரியவில்லை. ஆறு வருடம் என்னைக் குற்றவாளியாக உட்கார வைத்துச் சோறு போட்டீர்கள். நான் செய்யாத குற்றத்துக்கு வேலையை விட்டேன். நீங்கள் என் மேல் சுமத்தியது ஒரு நஷ்டத்தை என்றால் மன்னித்திருப்பேன், எல்லோருக்கும் நடப்பது. இல்லாத நஷ்டத்தைச் சுமத்தினீர்கள். ஒரு மனுஷி படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவதை என்னைக் குத்துவதற்கு ஊசியாக வைத்துக்கொண்டீர்கள். அந்த ஊசி யார் முழங்காலில் இருந்தது என்று ஒருநாளாவது நினைத்தீர்களா?

ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஆனால் ஆராய்ச்சிப் பிரிவில் என் நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இப்போது கீழ்தளத்து கவுண்டரில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை. சம்பளமும் குறைவு. பங்கை வாங்கவில்லை, நிம்மதியாகத் தூங்குங்கள்.

அந்த எண்ணைப் பற்றி நீங்கள் சொன்னது சரியாகவே இருக்கலாம். எனக்கு இனி எழுத வேண்டாம்.


20 நவம்பர் 2018

மாப்பிள்ளைக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இருபது மாதம் எழுதவில்லை. பாப்பாவுக்குப் போன் செய்தால் எடுத்து, "சொல்லுங்க" என்கிறாள். அப்பா என்று கூப்பிடுவதில்லை. பேரன் சாப்பிட்டானா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

கம்பெனி விஷயம் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். இரண்டு ஷிஃப்ட்டை நிறுத்திவிட்டார்கள். கேட்டுக்கு எதிரே லாரி நிற்பதில்லை, டீக்கடைக்காரர் மதியமே கடையைச் சாத்துகிறார். கடைசி நாலு காலாண்டையும் கூட்டினால் பங்குக்கு நான்குதான் லாபம். விலை 160. வகுத்தால் நாற்பது. போன வருடம் நீங்கள் 420-க்கு வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லிக்காட்ட இதை எழுதவில்லை. கொஞ்சம் சொல்லிக்காட்டவும்தான் எழுதினேன், என் குணம் உங்களுக்குத் தெரியும்.

நானும் 420-ல் விற்கவில்லை. உங்கள் அத்தை போன அன்றே விற்றிருக்கலாம், ஒளிக்க ஆள் இல்லை. விற்றால் நான் தோற்றுப்போனதாக ஆகிவிடும் என்று ஒரு வீம்பு. அவளாக ஒரு போன் செய்து, பணம் அனுப்புங்க என்று கேட்கட்டும், அப்போது விற்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன். அவள் கேட்கவில்லை. விலை 380 ஆனது, 300 ஆனது, 210 ஆனது. ஒவ்வொரு நாளும் பேப்பரில் பார்த்துவிட்டு மடித்து வைத்தேன். ஏழில் விற்க வேண்டும் என்று உலகத்துக்கே பாடம் நடத்தியவன் நான்.

நேற்று நாலாயிரத்தையும் விற்றுவிட்டேன், 160-க்கு. தரகர் ஆபீஸில் கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண்கூட, "இப்ப போயி விக்கறீங்களே சார், இன்னும் ஒரு ரெண்டு வருஷம் பொறுத்தா திரும்ப ஏறுமே" என்றாள். அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதா? லாபம் கரைந்து எண் பெரிதாகும்போது விற்பதுதான் பெரிய மடத்தனம் என்று உங்களைப் போட்டு வறுத்தெடுத்தவன் நான். ஏழெட்டு வருடத்துக்கு முன் நீங்கள் செய்யச் சொன்ன அதே மடத்தனத்தைத் தெரிந்தே செய்திருக்கிறேன். இன்னும் இரண்டு வருடம் உங்கள் அத்தை முழங்கால் பொறுக்காது.

ஆறு லட்சத்து நாற்பதாயிரம். நான்கு நாளில் கைக்கு வரும். எந்த மருத்துவமனை, என்ன கணக்கு எண் என்று எழுதுங்கள், முழுவதையும் அங்கேயே கட்டுகிறேன். அவளிடம் கொடுக்கக்கூட வேண்டாம். ஆபரேஷன் அன்று நான் வந்து வெளியில் உட்காரலாமா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். உள்ளே வர மாட்டேன்.

நான் செய்தது தப்பு மாப்பிள்ளை. உங்களுக்கும் செய்தேன், அவளுக்கும் செய்தேன். இதை எழுத எனக்கு இத்தனை மாதம் ஆகிவிட்டது.

மாமா


28 நவம்பர் 2018

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கூடத்தில் உட்கார்ந்து அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் மகளும் இருந்தாள். இந்த வீட்டில் இனி எதையும் ஒளித்துப் படிப்பதில்லை என்று ஏற்பாடு.

ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம் ஆகிறது. இரண்டு முழங்காலும். நாங்கள் கட்டினோம், எப்படிக் கட்டினோம் என்பதை விடுங்கள். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அத்தைதான் சொன்னார்கள். முதல் பத்து நாள் வலியில் துடித்தார்கள். இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறார்கள். போன வாரம் லிஃப்ட் பழுதானபோது, சொல்லச் சொல்லக் கேட்காமல் இரண்டு மாடியை உட்காராமல் ஏறி வந்து கதவைத் திறந்தார்கள். என் மகன் கை தட்டினான்.

ஆகவே மருத்துவமனை எண் எதுவும் தேவைப்படாது. வெளியில் உட்காரவும் இனி எதுவும் இல்லை.

நீங்கள் தப்பு என்று எழுதிய வரியை வாசித்தபோது கொஞ்சம் நிறுத்தினேன். அதையே இன்னொரு தடவை வாசித்தேன், மறைக்க மாட்டேன். 160-க்கு விற்பது என்றால் உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். "மாமா நிஜமாவே வித்துட்டார் அத்தை, பாவம், இந்த விலைக்கு யாருமே விக்க மாட்டாங்க" என்றேன். உங்களுக்காக நான் பரிந்து பேசியது இதுதான் முதல் தடவை.

அத்தை பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். தலையை நிமிர்த்தவில்லை. "அவரு வித்துட்டேன்னு சொன்னா நம்பாதீங்க மாப்பிள்ளை. ரசீதைக் கேளுங்க" என்றார்கள்.

அனுப்பி வையுங்கள் மாமா. நகல் வேண்டாம், அசல்.

மருமகன்